நெல்லில் பூட்ஸ் கால்

1

லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் "அங்க என்னப்பா வேலை?" என்று கேட்பார்கள். "ஃபயர் சர்வீஸ்" என்பேன். "அந்த ஊரு வெயிலத்தான் அணைக்கிறீங்களா?" என்று யாராவது ஒருத்தர் தவறாமல் கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். நானும் சிரித்துவைப்பேன். இந்தத் தடவை விவரமாகவே எழுதிவிடுகிறேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருகிற ஒரு காரியம் நடந்தது. எனக்கு வரவில்லை.

வளைகுடாவில் ஒரு துறைமுகத்தின் தீயணைப்புக் குழுவுக்கு நான் லீடர். ஊரில் வீட்டுக்கு வீடு கலர் டிவி வர ஆரம்பித்த சமயத்தில், மூட்டை தூக்குகிற வேலைக்கென்று விமானம் ஏறியவன். மூன்றாவது வருஷம் இந்தக் குழுவில் ஆள் எடுத்தார்கள், சேர்ந்துகொண்டேன். பிறகு பரீட்சை மேல் பரீட்சையாக எழுதித் தள்ளி லீடர் ஆனேன். காலை ஏழு மணிக்கு எட்டுப் பேர் வரிசையில் நிற்பார்கள். மற்ற லீடர்கள் ஹெல்மெட்டைப் பார்ப்பார்கள், மாஸ்க்கைப் பார்ப்பார்கள். நான் முதலில் காலைத்தான் பார்ப்பேன். பூட்ஸ் வார் சரியாக இல்லாதவன் அன்றைக்கு என் வாயில் விழாமல் தப்ப மாட்டான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

போன மார்கழியில் ஒரு மத்தியானம், அரிசிக் கிடங்கில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் வண்டி தீப்பிடித்தது. பெரிய தீ இல்லை. ஆனால் வண்டிக்கு இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் மூட்டை. நான் முன்னால், ஹோஸ் என் கையில். ரமோன் என்கிற பிலிப்பினோ எனக்குப் பின்னால். கதவைத் தாண்டி இருபது அடி ஓடியிருப்போம். வண்டி இடித்ததில் ஏழெட்டு மூட்டை கிழிந்து, நடைபாதை முழுக்க அரிசி கொட்டிக் கிடந்தது. வெள்ளை வெளேரென்று, கணுக்கால் உயரத்துக்கு.

நான் நின்றுவிட்டேன்.

புகை இல்லை, கண் மறைக்கவில்லை, பயமும் இல்லை. கால் எழும்பவில்லை, அவ்வளவுதான். இருபது செகண்ட் என்று கேமராவில் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். ரமோன் என் கையிலிருந்து ஹோஸைப் பிடுங்கிக்கொண்டு, அரிசி மேல் தடதடவென்று ஓடித் தண்ணீர் அடித்தான். தீ அணைந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்த வண்டியில் ஒரு மனுஷன் மாட்டியிருந்தால், அந்த இருபது செகண்டில் அவன் கதை முடிந்திருக்கும். இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான்தான் மற்றவர்களுக்கு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே எதற்கும் ஒரு படிவம் உண்டு. தும்மினால்கூடப் படிவம் இருக்கும் என்று நாங்கள் கேலி பேசுவோம். எங்கள் சீஃப் ஸ்காட்லாந்துக்காரர், தங்கமான மனுஷர், ஆனால் படிவம் விஷயத்தில் ஈவிரக்கம் கிடையாது. தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் கருவிக் கோளாறு, பயிற்சிக் குறைவு, தகவல் தாமதம், மற்றவை என்று நாலு இருந்தது. மற்றவையில் டிக் போட்டு, பக்கத்தில் 'அரிசி' என்று எழுதினேன்.

"அரிசி வழியை அடைத்திருந்ததா?" என்றார்.

"இல்லை சார், கீழே கிடந்தது."

"வழுக்கியதா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

"அது சாப்பாடு சார். மிதிக்க வரவில்லை."

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். படிவத்தைத் திருப்பி, கடைசிக் கட்டத்தைக் காட்டினார். மறுபடி இது நடக்காமலிருக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்று அதில் கேட்டிருந்தது. "இதை நீதான் நிரப்ப வேண்டும். சும்மா எதையாவது எழுதாதே. யோசித்து எழுது. அது வரைக்கும் கோப்பை மூட மாட்டேன்" என்றார்.

2

இப்போது என் தம்பி செபாஸ்டினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவனும் தீயணைப்பு வீரன்தான், நம் ஊர்ப் பக்கம் அரசு நிலையத்தில். நான் லீவில் வந்து விடுகிற அளப்பைக் கேட்டுக் கேட்டே அந்த வேலைக்குப் போனான் என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம். இந்த மார்கழிக்கு முந்தைய மாசியில், நீடாமங்கலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் அரிசி ஆலையில் தீ. ஆலைக் களம் முழுக்கப் புழுக்கிய நெல் காய்ந்துகொண்டிருந்தது. தீயோ களத்துக்கு அந்தப் பக்கம், உமிக் கிடங்கில். வண்டி கேட்டிலேயே நின்றுவிட்டது. களத்தைத் தாண்டித்தான் ஹோஸை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

செபாஸ்டின் காலில் ரப்பர் பூட்ஸ் இருந்தது. களத்தின் ஓரத்தில் காலை உதறினான். இரண்டு பூட்ஸும் கழன்றன. வெறுங்காலோடு நெல் மேல் ஓடினான்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே தேவையில்லை. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்து, அடுத்தவர் களத்தில் தூற்றியவர்கள். எனக்கு ஏழு வயதிருக்கும்போது புது ரப்பர் செருப்போடு களத்தில் இறங்கிவிட்டேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பளாரென்று ஒன்று வைத்தார். "எவன் வீட்டு நெல்லா இருந்தா என்னடா? நெல்லு நெல்லுதான்" என்று அப்புறம் அம்மா சொன்னாள். நாங்கள் வேதக்கோயிலுக்குப் போகிறவர்கள். வேதாகமத்தில் இப்படி எங்கேயும் எழுதவில்லை, சாமியாரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. ஆனால் எங்கள் தெருவில் செருப்புக் காலோடு நெல்லை மிதித்தவர் ஒருத்தரை எனக்குத் தெரியாது.

வெறுங்காலோடு ஓடியதில் நெல் சுட்டிருக்கும், அவ்வளவுதான். ஆனால் களத்துக்கு அந்தப் பக்கம் உமிச் சாம்பல் மேடு இருந்தது. ஆலைக்காரர்களுக்கு அது எமன் என்று தெரியும். மேலே சாம்பல் நிறத்தில் ஆறிப்போய், பூனை படுத்துத் தூங்குவது போலச் சாதுவாக இருக்கும். உள்ளே நாள் கணக்கில் கனன்றுகொண்டே கிடக்கும். தண்ணீர் அடிக்க வாகாக இருக்கும் என்று செபாஸ்டின் அதன் மேல் ஏறினான். முழங்கால் வரை உள்ளே போய்விட்டான்.

பூட்ஸ் இருந்திருந்தால் அந்த ரப்பர் உருகுவதற்குள் காலை உருவிக்கொண்டு வந்திருப்பான். இது எனக்குத் தொழில், எனக்குத் தெரியும். தொடையிலிருந்து தோல் எடுத்துப் பாதத்தில் வைத்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? போன் போட்டுத் திட்டினேன். "ஏன்டா பூட்ஸைக் கழட்டினே?"

"நெல்லு கிடந்துச்சுண்ணே."

"நெல்லு கிடந்தா? மடையா! கால் போச்சுன்னா நெல்லு வந்து சோறு போடுமா?"

கிட்டத்தட்ட ஒரு வருஷம், ஒவ்வொரு போனிலும் ஏதாவது ஒரு சாக்கில் அந்த 'மடையா'வைச் சொல்லாமல் நான் வைத்ததில்லை. அவன் ஒரு தடவைகூடத் திருப்பிப் பேசவில்லை. இங்கே வரிசையில் நிற்கிற எட்டுப் பேர் காலையும் நான் முறைத்துப் பார்ப்பதற்குக் காரணமும் அதுதான்.

அப்படிப்பட்ட நான்தான் அரிசியைப் பார்த்து நின்றவன். வெட்கக்கேடு.

3

அந்தப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மகள் ஜெனிபாவுக்குப் பதிமூன்று வயது. பிறந்ததிலிருந்தே இந்த ஊர்தான். அவளுக்கு நெல், அரிசி, சோறு எல்லாம் ஒன்றுதான், எல்லாமே 'ரைஸ்'. என் ஆங்கிலத்தைத் திருத்திக்கொடுப்பது அவள் வேலை. படித்துவிட்டு, "அப்பா, ரைஸ் மேல நடந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் ஏன் நடக்கல?"

என்ன பதில் சொல்வது? உழைப்பு, பசி, உன் தாத்தா, பாட்டி என்று என்னென்னவோ ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே பள்ளிக்கூடத்துக் கட்டுரை மாதிரி இருந்தது. பாவம், அவள் பொறுமையாகத் தலையாட்டினாள். எங்கள் ஊர்க் களத்தை அவள் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறாள். என் கன்னத்தில் விழுந்த அறையை அவளுக்கு எப்படிக் காட்டுவது? இதைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியவில்லையே என்று ஒரு பக்கம் வருத்தம். நல்லவேளை, இவளாவது ஓடிப்போய் ஆளைத் தூக்குவாள் என்று இன்னொரு பக்கம் நிம்மதி. இரண்டுமே உண்மை.

அவள் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "சித்தப்பாவும் இதத்தான பண்ணாரு? நீங்க அவர அவ்ளோ திட்டுனீங்க. சாரி சொன்னீங்களா?"

மறுநாளே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

4

திருச்சியில் இறங்கி, தஞ்சாவூரில் பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தேன். தை கடைசி. சம்பா அறுப்பு மும்முரம். ரோட்டிலேயே பாதி தூரம் நெல் காய்ந்தது. பஸ்காரர் அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போனார், எனக்குத்தான் உள்ளே கால் கூசியது.

பஸ் ஸ்டாப்பில் செபாஸ்டின் நின்றான். காலில் பின்வார் இல்லாத செருப்பு. பாதம் ஒரு நிறமாக இல்லை, திட்டுத் திட்டாக வெளுத்தும் கறுத்தும் பளபளத்தது. பெட்டியை வாங்க வந்தான். நான் கொடுக்கவில்லை.

"செபாஸ்டி, அரிசி கொட்டிக் கிடந்துச்சுடா. நானும் நின்னுட்டேன்."

முழுக்கதையும் சொன்னேன். மன்னிச்சுக்கடா என்ற வார்த்தையைப் பாதியில் எங்கேயோ சொல்லிவிட்டேன், அவன் காதில் விழுந்ததா தெரியாது. அவன் சிரித்தான். "நீங்க பரவாயில்லண்ணே, நின்னதோட சரி. நான் கழட்டிப் போட்டுட்டு ஓடுனவன்." அப்புறம் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "திங்கக்கிழமை ட்யூட்டில சேர்றேன். டாக்டர் சரின்னுட்டாரு. ஆனா மறுபடி ஒரு களத்துல நெல்லு கிடந்தா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியலண்ணே. அதான் பயமா இருக்கு."

இன்னொரு தடவை அந்தக் கால் தாங்காது. அன்றைக்கே முடிவு பண்ணினேன், இவன் நெல்லில் பூட்ஸ் காலோடு நடப்பதைப் பார்க்காமல் விமானம் ஏறுவதில்லை.

செபாஸ்டினின் நிலைய அதிகாரியைப் போய்ப் பார்த்து, நெல் கிடக்கிற களத்தில் வீரர்களுக்கு ஒரு பயிற்சி கொடுக்க வேண்டும் என்றேன். "மனுவா எழுதிக் குடுங்க, மேல அனுப்பணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஒரு நகல் பத்தாதென்று மூன்றாக எழுதிக் கொடுத்தேன். இங்கே படிவத்துக்குச் சலித்துக்கொள்கிற என்னை அங்கே மனு பிடித்துக்கொண்டது. ஆனால் ஆர்வமான மனுஷர், இரண்டே நாளில் அனுமதி வாங்கிவிட்டார். அதே ஆலை, அதே களம். ஞாயிற்றுக்கிழமை காலை பயிற்சி. ஆலை முதலாளியும் சம்மதித்தார், "நெல்லு கிடக்கும், பாத்துக்குங்க" என்ற நிபந்தனையோடு.

எட்டு வீரர்கள். செபாஸ்டின் ஒன்பதாவது, இன்னும் ட்யூட்டியில் சேராததால் ஓரமாக நின்றான். களம் முழுக்கப் புழுங்கல் நெல், ஆவி இன்னும் அடங்கவில்லை. ஆறு பெண்கள் வெறுங்காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறிக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் உமிச் சாம்பல் மேட்டைப் பற்றிச் சொன்னேன். மேட்டில் ஏறவே கூடாது. கிட்டே போவதென்றால் நீளக் கம்பை முன்னால் ஊன்றிப் பார்க்க வேண்டும், கம்பு இறங்குகிற இடத்தில் ஆள் கால் வைக்கக் கூடாது. தூரத்திலிருந்தே தண்ணீரைச் சாரலாக அடிக்க வேண்டும், பீய்ச்சி அடித்தால் உள்ளே இருக்கிற கங்கு மேலே தெறிக்கும். எல்லாரும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார்கள்.

"இப்ப பூட்ஸோட, நெல்லு மேலயே, அந்தக் கோடி வரைக்கும் ஓடணும். யாரும் கழட்டக் கூடாது" என்று விசில் அடித்தேன்.

எட்டுப் பேரும் பாய்ந்து ஓடினார்கள். களத்தின் ஓரம் வந்ததும், யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி எட்டுப் பேரும் நின்றார்கள். ஒருத்தர் குனிந்து பூட்ஸில் கை வைத்துவிட்டார்.

"கையை எடுங்க!" என்று கத்தினேன். "பாருங்க, நான் போய்க் காட்டுறேன்."

போனேன். என் காலில் வளைகுடா பூட்ஸ், இரும்புத் தகடு வைத்தது. நெல்லுக்கு முன்னால் வந்து வலது காலைத் தூக்கினேன். தூக்கினேனா, அது அந்தரத்திலேயே நின்றது. கீழே வைக்க என்னால் முடியவில்லை. எட்டுப் பேர், நிலைய அதிகாரி, முதலாளி, ஆறு பெண்கள், எல்லாருக்கும் முன்னால் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றேன். செபாஸ்டின் மட்டும் சிரிக்கவில்லை.

கிளறிக்கொண்டிருந்தவர்களில் மூத்தவர் சரோஜா அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், அந்தக் களத்தில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏன் தம்பி, நெல்லு மேலதான் ஓடணும்னு யாரு சொன்னா?"

"வேற வழி இல்லியேக்கா. களம் பூரா நெல்லு கிடக்கே."

"கிடக்குதுன்னா, அதுவா வந்து படுத்துக்கிச்சா? நாங்கதான காயப் போடுறோம். வழி விட்டுப் போடுங்கன்னா போடப் போறோம். இத்தினி பேரு பூட்ஸ மாட்டிக்கிட்டு வந்து பேசுறீங்க, காயப் போடுறவள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பதினைந்து வருஷம் தீயோடு பழகிய எனக்கு அந்த யோசனை வரவே இல்லை.

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பலகையை எடுத்து, கேட்டிலிருந்து உமிக் கிடங்கு வரைக்கும் நெல்லை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே போனார். மற்ற ஐந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். "ரெண்டு ஆளு, நடுவுல தண்ணிக் குழாயி, போதுமா?" என்று அளவு கேட்டார். சிமெண்டுத் தரை வாய்க்கால் மாதிரி நீளமாகத் தெரிந்தது.

முதலாளிக்கு முகம் சுருங்கியது. "தெனமும் இப்பிடி வழி விட்டா, நெல்லு எங்க காயும்?"

சரோஜா அக்கா திரும்பினார். "அன்னைக்கு இந்தப் புள்ளய இங்கேருந்து தூக்கிட்டுப் போனது நாங்க ஆறு பேருங்க. இதே நெல்லு மேலதான் தூக்கிட்டு ஓடினோம். கால்ல இருந்து தோலு தொங்குச்சு, ரத்தம் நெல்லுல ஒழுகுச்சு. அந்த நெல்லக் காய வெச்சீங்களா, தூரக் கொட்டுனீங்களா?"

முதலாளி களத்தைப் பார்த்தார். "போடுங்க, வழி விட்டே போடுங்க" என்று கடைசியில் சொன்னார்.

செபாஸ்டின் அந்த வழியில் பூட்ஸோடு ஓடினான். போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான். மூச்சு வாங்க என் முன்னால் நின்று, "இது சரிண்ணே. ஆனா எல்லாக் களத்துலயும் சரோஜாக்கா இருக்க மாட்டாங்களே" என்றான்.

அவன் நெல்லை மிதித்துப் பார்க்காமலேயே நான் விமானம் ஏறினேன்.

5

இங்கே வந்ததும் சீஃபிடம் நடந்ததைச் சொன்னேன். அரிசிக் கிடங்கில் நடைபாதைக்கு மஞ்சள் கோடு போட்டு, மூட்டையை இன்னும் தள்ளி அடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கினேன். "நல்லது" என்றார். "ஆனால் மூட்டை மறுபடி கிழியும். அப்போது?" கடைசிக் கட்டத்தை விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். செபாஸ்டின் கேட்டதையேதான் ஸ்காட்லாந்துக்காரரும் கேட்கிறார்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் செபாஸ்டின் போன் பண்ணினான். புதுசாக வாங்கிய செல்போனில் எப்போதும் மிஸ்டு கால் மட்டும் கொடுப்பவன், அன்றைக்கு அவனே பேசினான்.

"அண்ணே, இன்னைக்கு ஒரு மில்லுல தீ. இது வேற மில்லு. பாய்லர் ரூம்ல ஒருத்தரு மாட்டிக்கிட்டாரு."

"சொல்லு."

"களம் பூரா நெல்லுண்ணே. வழி கிழி ஒண்ணும் விடல."

ஜெனிபா பாடப் புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஓரத்துல வந்து நின்னேன். கால் எழும்பல. உள்ளேருந்து அந்த ஆளு இருமுற சத்தம் கேட்டுச்சு. அம்மாவ நெனச்சுக்கிட்டேன். மிதிச்சுட்டேண்ணே."

"பூட்ஸோடயா?"

"பூட்ஸோட. போறப்பவும் மிதிச்சேன், அந்த ஆளத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்பி வர்றப்பவும் மிதிச்சேன். அவரு பொழச்சுக்கிட்டாரு."

அப்புறம் என்னையறியாமல் ஒரு கேள்வி வந்தது, ஊர்க்காரனுக்கு மட்டுமே வரும்.

"யாரும் எதுவும் சொல்லலியா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலண்ணே." நிறுத்தினான். "நெல்லும் ஒண்ணும் சொல்லல."

அவன் அழுகிறான் என்று தெரிந்தது. நானும்தான். ஜெனிபா எதுவும் கேட்காமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் சீஃப் அறைக்குப் போய், கோப்பை வாங்கி, அந்தக் கட்டத்தை நிரப்பினேன். தண்ணீர்பட்டுக் கெட்டுப்போன அரிசி கிடங்கில் இருக்கிறது, அதில் பத்து மூட்டையைப் பயிற்சி மைதானத்தில் கொட்ட வேண்டும், குழுவில் ஒவ்வொருத்தரும் மாசம் ஒரு முறை ஹோஸோடு அதன் மேல் ஓட வேண்டும் என்று எழுதினேன். முதலில் ஓடுபவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். சீஃப் கையெழுத்துப் போட்டு, "சபாஷ், முதல் ஆள் நீதானா?" என்று கை குலுக்கினார்.

"இல்லை சார்" என்றேன். "இரண்டாவது. முதல் ஆள் நேற்றே ஓடிவிட்டான்."